பசியோட கேளு

செங்கேணி கூடையை இறக்கி வைத்த கையோடு, "இன்னா சம்பந்தி, யாவாரம் முடிஞ்சிச்சா?" என்று கேட்டபோது, கெங்கம்மா அதைக் கிண்டல் என்றுதான் நினைத்தாள்.

ஆழ்வார்பேட்டை மூலையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் சாயங்காலம் மீன் விற்கிற பெண்களுக்கு அது பழக்கம். ஒருத்தியை ஒருத்தி அக்கா என்பார்கள், அண்ணி என்பார்கள், மனசு குஷியாக இருந்தால் சக்களத்தி என்றும் சொல்வார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செங்கேணி பாலவாக்கத்துக் குப்பத்துக்காரி. தலையில் கூடையோடு கடலோரமாகவே நடந்து, அடையாற்றுப் பாலம் ஏறி இறங்கி, இத்தனை தூரம் வருகிறவள். நேற்றுப் பிடித்த மீனை இன்றைக்குப் பிடித்தது என்று சொல்லி விற்கமாட்டாள். அதனாலேயே கெங்கம்மாவுக்கு அவளைப் பிடிக்கும்.

"யாருக்கு யாருடி சம்பந்தி?" என்றாள் கெங்கம்மா, கையிலிருந்த சங்கராவின் செதிலை உரசிக்கொண்டே.

"நல்லாக் கேட்டே போ. நாளைக்கி சாயங்காலம் வெத்தல பாக்கு மாத்த வரோம், இன்னிக்கி வந்து யாருக்கு யாருன்றியே. உங்க ஊட்டுக்காரரு நேத்தே எங்க ஊட்டுக்காரராண்ட நாளு சொல்லிட்டாரு. ஏழெட்டுப் பேரு வருவோம். தங்கத்துக்கு இன்னா கலர் பொடவ புடிக்கும், அத்த மட்டும் சொல்லு."

அரிவாள்மனையின் மேல் கெங்கம்மாவின் கை நின்றுவிட்டது. தங்கம் அவள் மகள். ஒரே மகள். அந்த மகளுக்குச் சம்பந்தம் பேசி, நாள் குறித்து, வெற்றிலை பாக்கு வரைக்கும் வந்தாகிவிட்டது. பெற்றவளுக்குச் சேதி மரத்தடியில் கிடைக்கிறது.

தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? பெற்றவளைக் கேட்காமல் பெண்ணைக் கொடுக்கிற வீடு என்று கூடைக்குக் கூடை பேச்சு போகும். அவள் வீடு சேர்வதற்குள் அது சாந்தோம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"பச்ச," என்றாள் கெங்கம்மா. "பச்ச புடிக்கும். வாங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பங்களா பட்லர் வந்து அவள் கூடையிலிருந்த வவ்வால் மீனைப் புரட்டிப் பார்த்து, என்னம்மா நாறுகிறதே என்று மூக்கைச் சுளித்தார். பாவம், அவருக்கு நேரம் சரியில்லை. "நாறுதுன்னா மூக்க ஊட்ல கயட்டி வச்சிட்டு வாய்யா," என்று அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். போட்டதும் கூடையை மூடினாள். மீன் மிச்சம் இருக்கும்போது கெங்கம்மா மரத்தடியை விட்டு எழுந்ததாக யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு எழுந்தாள்.

லஸ் வழியாக, கச்சேரி ரோடு வழியாக, கடலோரக் குப்பத்து வீட்டைப் பார்த்து அவள் நடந்த நடையில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். மனசுக்குள் ஒவ்வொருத்தரையாக நிறுத்தி வைத்துத் திட்டினாள். முதலில் புருஷன் பாண்டுரங்கன். அடுத்தது மகன் கோதண்டபாணி. அப்புறம் மருமகள் தேவானை. அவளைத்தான் ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தாள்.

அந்த வீட்டில் சோறு என்றால் ராத்திரிச் சோறுதான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அப்படி இருந்தது. பகலெல்லாம் பழையதும் கருவாடும்தான். கட்டுமரம் கரைக்கு வந்ததும் பாண்டுரங்கன் மீனை அவள் கூடையில் கொட்டிவிடுவான். அதற்குப் பிறகு அது அவள் மீன், அவள் வியாபாரம். விற்று, அரிசி, புளி, மிளகாய், விறகு எல்லாம் வாங்கிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்தால்தான் அடுப்பு மூளும். வாசல் மணலில், கடலைப் பார்த்தபடி மூன்று கல். சட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்வார்கள். அவள் இடம் சட்டிக்குப் பக்கத்தில், அகப்பை எட்டுகிற தூரத்தில். கடலில் வலை எங்கே மாட்டிக்கொண்டது, எந்தத் தெருவில் எந்த மீன் போயிற்று, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது, கோதண்டபாணிக்கு எங்கே பெண் பார்ப்பது, எல்லாம் அந்தச் சோற்றுக்கு முன்னால்தான் பேசி முடியும். சண்டை போட்டாலும் அங்கேதான். அங்கே பேசாத எதையும் அந்த வீட்டில் யாரும் செய்ததில்லை.

பிறகு ஜப்பான்காரன் வருகிறான் என்றார்கள். பாதி மயிலாப்பூர் மூட்டை முடிச்சோடு வெளியூருக்கு ஓடியது. குப்பத்து ஜனம் எங்கே ஓடும்? கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு தீக்குச்சிகூட எரியக்கூடாது என்று உத்தரவு வந்தது. கேட்காமல் கெங்கம்மா ஒருநாள் அடுப்பை மூட்டினாள். விசில் ஊதிக்கொண்டு வந்த, குண்டுவீச்சுக் காவலுக்குப் போட்டிருந்த ஏ.ஆர்.பி. ஆள் ஒருத்தன், கொதிக்கிற குழம்போடு சட்டியை உதைத்துத் தள்ளி, அடுப்பில் மணலை வாரிப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு வீடு மொத்தமும் பட்டினி. மறுநாளிலிருந்து கல்லை உள்ளே போட்டு, பொழுது சாய்வதற்குள் ஆக்குவது, பொழுது சாய்வதற்குள் தின்பது, சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது என்று ஆயிற்று. அரிசியும் ரேஷன் கடைக்குப் போய்விட்டது. அவள் வாங்கி வரட்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. அந்தச் சமயத்தில்தான் தேவானை மருமகளாக வந்து அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கெங்கம்மா இருட்டில் வருவாள். இருட்டில் மூடியைத் திறப்பாள். ஆறிப்போன சோற்றையும் குழம்பையும் இருட்டிலேயே பிசைந்து தின்றுவிட்டுப் படுப்பாள். சண்டைக்காலம், வேறு வழியில்லை என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சண்டைதான் முடிந்துவிட்டதே. பீச் ரோட்டில் விளக்கு எரிகிறதே. குப்பத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு எரிகிறதே. அவள் வீட்டில் மட்டும் இன்னும் ஜப்பான்காரன் வந்துகொண்டே இருந்தான். கேட்டால், பொழுதோட பசிச்சிடுதும்மே என்று பாண்டுரங்கன் வயிற்றைத் தடவிக் காட்டுவான். பசிக்குமாம். வெயிலில் மயிலாப்பூரையும் ஆழ்வார்பேட்டையையும் சுற்றிவிட்டு வருகிறவளுக்குப் பசிக்காதாம்.

வீட்டுக்கு வந்தபோது வானத்தில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சட்டி கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பாண்டுரங்கன் கட்டுமரத்தின் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கோதண்டபாணி பல் குத்திக்கொண்டிருந்தான். தங்கம் தலை வாரிக்கொண்டிருந்தாள். தேவானை அடுப்படியில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாருடைய முகத்திலும் சாப்பிட்டு முடித்த திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"எம்பொண்ண யாருக்குய்யா குடுத்துகீறே?"

பாண்டுரங்கன் பீடியை எடுத்துவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தான். "பாலவாக்கத்துப் பையனுக்குத்தான். செங்கேணி மவன். இன்னாமே, தெரியாத மாரி கேக்குறே?"

"தெரியாது."

"தெரியாதா? பேசனோமேமே. பொங்கல் முடிஞ்சி, கவலை மீனு கூட கூடையா வந்துச்சே, அன்னிக்கி. சோறு துன்னும்போது பேசனோம். நீகூட, பையன் நல்ல பையன், குடுக்கலாம்னியே."

"நான் சொன்னேனா?"

"நீதான் சொன்னே. இங்கதான் ஒக்காந்துகினு சொன்னே." அவன் கை நீட்டிக் காட்டினான். சட்டிக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினான். அந்த இடத்தில் சுருட்டி வைத்த வலை ஒன்று கிடந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கெங்கம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அவன் பொய் சொல்கிற முகம் தெரியாதா? பொய் சொன்னால் காதைச் சொறிவான். இப்போது சொறியவில்லை. நிஜமாகவே அவள் சொன்னதாக நம்பிக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லுடா," என்று மகனிடம் திரும்பினாள்.

"ஆமாம்மா," என்றான் கோதண்டபாணி. "நீ சொன்னா மாரிதான் எனுக்கும் ஞாபகம் கீது."

"நீ சரின்னேன்னு நைனா சொல்லிச்சி," என்றாள் தங்கம், சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. "அதான் நானும் சரின்னேன்."

யாரும் எதிர்பாராமல் தேவானை வாயைத் திறந்தாள். "அத்த அன்னிக்கி இல்ல."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல மாமா. அத்த எடத்துல வலைதான் இருந்துச்சி. இப்ப கீதே, இதே வலை. நீங்கதான், உங்கத்தக்கும் இதுல இஷ்டமாத்தான் இருக்கும்னு எங்களாண்ட சொன்னீங்க. அப்பால அத்தயே சொல்லிச்சின்னு ஆயிடிச்சி."

"இத நீ அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று கோதண்டபாணி எரிந்து விழுந்தான். "உனுக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சிச்சாம்?"

"நிக்கிறவளுக்குத் தெரியும்," என்றாள் தேவானை, "யாரு ஒக்காந்துகீறாங்க, யாரு ஒக்காரலன்னு."

அந்தப் பேச்சின் அர்த்தத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. கெங்கம்மாவும்தான். அவளுக்குக் காது அடைத்திருந்தது.

"வலைகிட்ட சம்மதம் கேட்டியாய்யா? வலை சரின்னு சொல்லிச்சா?" என்றாள் புருஷனிடம். "அப்ப வலையே வந்து தட்டு வாங்கிக்கட்டும் நாளைக்கி. வலையே பொண்ணுக்கு மஞ்ச பூசட்டும்."

"சரி வுடுமே. தப்புதான்." பாண்டுரங்கன் எழுந்து வந்தான். "ஆனா இன்னா கெட்டுப்போச்சு சொல்லு? பையன் நல்லவன். குடி கெடையாது. தங்கத்துக்கும் புடிச்சிகீது. கேட்டிருந்தா நீயும் சரின்னுதான் சொல்லியிருப்பே. சொல்லியிருக்க மாட்டியா?"

சொல்லியிருப்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பையனை அவளே மரத்தடியில் பார்த்து, அம்மாவுக்குக் கூடையைத் தலையில் ஏற்றிவிடுகிற பக்குவத்தைப் பார்த்து, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். செங்கேணியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுகூட யோசித்தாள். முதலில் வீட்டில் சொல்லவேண்டும். எப்போது சொல்வது? அவள் வரும்போது ஒருத்தன் கரையில் சீட்டாடப் போயிருப்பான், ஒருத்தன் படுத்திருப்பான், தங்கம் பக்கத்து வீட்டில் இருப்பாள். சட்டியிடமா சொல்வாள்?

"ஏமாத்தியிருந்தாகூட நான் மனச ஆத்திகினு இருப்பேன்," என்றாள். குரல் இறங்கிவிட்டது, இறங்கிய குரலைக் கேட்டுத்தான் பாண்டுரங்கன் பயந்தான். "ஏமாத்தறவன் என்னிய நெனச்சிகினாவது இருப்பான். அவளுக்குத் தெரிஞ்சிடப்போவுதுன்னு பயந்துகினாவது இருப்பான். நீங்க ஏமாத்தல. மறந்துட்டீங்க. நான் ஒக்காந்துகீறேனா இல்லியான்னுகூட உங்களுக்குத் தெரியல. நான் செத்துப்போயிருந்தா, அம்மா எங்கேன்னு ஒருநாளாச்சும் கேட்டிருப்பீங்க."

"அத்தே, அப்டிச் சொல்லாதீங்க," என்று தேவானை அவளுக்கு எடுத்து வைத்திருந்த சட்டியை மூடியோடு கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

கெங்கம்மாவின் கோபமெல்லாம் அவள் மேல் போயிற்று. "எல்லாத்துக்கும் நீதாண்டி. வந்த அன்னிக்கே பொழுதோட அடுப்ப மூட்டனே. என் அகப்பய எடுத்துக்கினே. என் எடத்துல வலையப் போட்டே. இப்ப மூடி வச்ச சோத்தக் கொண்டாந்து வக்கிறியா? நாய்க்கு வக்கிற மாரி?"

தேவானை சட்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கோதண்டபாணி அம்மாவை முறைத்தான்; மேலும் முறைக்கத் தைரியம் இல்லாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரிமே, இப்பக் கேக்குறேன்," என்றான் பாண்டுரங்கன் கடைசியாக, சமாதானக் குரலில். "எல்லாரும் இங்கதான கீறோம். தங்கத்த அந்தப் பையனுக்குக் குடுக்கலாமா?"

"வயிறு முட்டத் துன்னுட்டு வந்து கேக்குறியா?" என்றாள். "ஏப்பம் வுட்டுகினு கேக்குறியா? நாளைக்கிக் கேளு. பசியோட கேளு. அப்ப சொல்றேன்."

"நாளைக்கி அவங்க வந்துடுவாங்களேமே."

"வரட்டும். நான் வந்துதான் அடுப்பு மூட்டுவேன். அதுக்கு முன்ன இந்த ஊட்ல பொகை வந்துச்சி, அந்தப் பொகையிலயே உங்க எல்லாரையும் கருவாடு போட்டுடுவேன்."

மூடி வைத்த சோற்றை அவள் தொடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல் மீனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம், இன்றைக்கு ஒருநாள் போகாதே என்று பாண்டுரங்கன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளின் வெற்றிலை பாக்கு அன்றைக்குக்கூட மரத்தடியில் உட்கார்ந்து சங்கராவைக் கூறு கட்டி விற்றாள். பெரிய கொடுவா மீன் ஒன்றை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றித் தனியாக வைத்துக்கொண்டாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் குப்பத்துக்குள் வந்தபோது, பாலவாக்கத்துக்காரர்கள் மணலில் பாய் விரித்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நடுவில் தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், பச்சைப் புடவை. பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் அப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பாண்டுரங்கன் நின்றுகொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. மத்தியானத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் எதுவும் தின்னவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வா சம்பந்தி," என்றாள் செங்கேணி. அவளுக்கும் முகம் கடுத்திருந்தது. "பொழுதோட வரச் சொல்லிட்டு இப்டி ஒக்கார வச்சிட்டியே. வந்தவங்களுக்குத் தண்ணி மட்டுந்தான் குடுத்தாங்க."

"ஒக்காரு. ஆக்கறேன்," என்றாள் கெங்கம்மா.

மூன்று கல்லையும் உள்ளிருந்து எடுத்துவந்து வாசல் மணலில், பழைய இடத்தில் போட்டாள். விறகை வைத்து மூட்டினாள். காற்று கடலிலிருந்து அடித்தது. நெருப்பு படபடவென்று எழுந்தது. கடலுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி எரிந்தது. எரியட்டும். எவன் வந்து உதைப்பான் பார்க்கலாம்.

கொடுவாவை அவளே நறுக்கினாள். சோறு வெந்தது. குழம்பு கொதிக்க ஆரம்பித்ததும் பாலவாக்கத்துக்காரர்கள் சட்டியின் பக்கம் திரும்பினார்கள். மணம் மூக்கில் ஏறியது. பையனின் வயிறு கத்தியது எல்லாருக்கும் கேட்டது. தங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"எல்லாரும் வாங்க, சாப்புட," என்றாள் கெங்கம்மா, சட்டியை இறக்கி வைத்து.

செங்கேணியின் புருஷன் எழுந்துகொள்ளப் பார்த்தார். செங்கேணி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அது எப்டி? நீங்க சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லாம நாங்க கை நனைக்க மாட்டோம். மொறைன்னு ஒன்னு கீதில்ல?"

முறைதான். பெண் வீட்டில் சம்மதம் ஆகாமல் மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கை வைப்பதில்லை. கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அது கெங்கம்மாவுக்குத் தெரியாதா?

"நீங்க கை நனைக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"நேத்து மரத்தடில, 'வாங்க'ன்னு சொன்னியே?"

"நேத்து சொன்னது மானத்துக்கு. என்னிய இந்த ஊட்ல யாரும் கேக்கல. அது உனுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னது. இன்னிக்கி சோத்துக்கு முன்ன என்னியக் கேக்கணும். எல்லாரும் ஒக்காந்துகினு கேக்கணும். அப்பத்தான் சொல்வேன்."

எல்லார் முன்னிலையிலும் இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று பாண்டுரங்கன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். செங்கேணி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மானத்தைப் பற்றிக் கோபிப்பதா, பசியைப் பற்றிக் கோபிப்பதா என்று அவளுக்கே குழப்பமாக இருந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு கையையும் மணலில் ஊன்றி எழுந்து, சட்டிக்குப் பக்கத்தில் வந்து சப்பென்று உட்கார்ந்தாள். "பசிக்குது சம்பந்தி. போடு," என்றாள்.

அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். பாண்டுரங்கன் தானே போய் அந்த வலையைத் தூக்கிக் கட்டுமரத்தின் மேல் போட்டுவிட்டு வந்தான். கெங்கம்மா தன் இடத்தில் உட்கார்ந்தாள். அகப்பைக்காகக் கை நீட்டினாள்.

அகப்பை தேவானையின் கையில் இருந்தது. எல்லார் தட்டிலும் சோற்றை வைத்துவிட்டு, தேவானை நின்றுகொண்டிருந்தாள்.

"ஒக்காரு," என்றாள் கெங்கம்மா.

"நான் அப்பால துன்றேன் அத்தே."

"அவ எப்பவும் அப்பாலதாம்மா துன்னுவா," என்றான் கோதண்டபாணி. கை சோற்றின் மேல் இருந்தது. "எங்களுக்குப் போட்டுட்டு, மிச்சத்தத் துன்னுவா. நீ போடச் சொல்லு."

கெங்கம்மா மகனைப் பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கடல்காற்று அடிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். நேற்று தேவானை சொன்னது இப்போதுதான் கெங்கம்மாவின் காதில் விழுந்தது. நிற்கிறவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவள் நின்றுகொண்டே இருக்கிறாள். சண்டைக்காலத்தில் வந்தவள், எல்லாரும் சேர்ந்து உட்கார்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. தனக்காவது ஒரு இடம் இருந்தது, அதில் வலையைப் போட்டார்கள். இவளுக்கு வலை போடக்கூட ஒரு இடம் கிடையாது. இவளைத்தான் நேற்று நாய், சோறு என்று பேசினோம் என்று நினைத்தபோது கெங்கம்மாவுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"கைய எடுறா சோத்துலேர்ந்து," என்றாள் மகனிடம். அவன் எடுத்துவிட்டான். "ஒக்காருடி. இங்க, எம் பக்கத்துல. நகருய்யா கொஞ்சம்."

பாண்டுரங்கன் நகர்ந்தான். தேவானை இரண்டு பேருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். கெங்கம்மா அகப்பையை வாங்கிக்கொண்டு, அவளுக்கும் தட்டில் சோறு வைத்து, மீனின் நடுக்கண்டம் ஒன்றை எடுத்துப் போட்டாள். எல்லாருக்கும் போட்டாள். யாரும் வாயில் வைக்கவில்லை.

"இப்பக் கேளுய்யா," என்றாள்.

பாண்டுரங்கன் தொண்டையைக் கனைத்தான். நிஜமான பசியோடு கேட்டான். "பாலவாக்கத்துப் பையனுக்கு நம்ம தங்கத்தக் குடுக்கலாமா கெங்கம்மா?"

ஊர் முன்னால் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அதற்காகக் கெங்கம்மா இளகிவிடவில்லை. பக்கத்தில் திரும்பி, "நீ இன்னா சொல்றே?" என்றாள் மருமகளிடம்.

தேவானைக்கு யாரும் இப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை. தட்டையே பார்த்தாள். "பையன் நல்லவருதான் அத்தே," என்றாள் மெதுவாக. "தங்கமும் நாளைக்கி அங்கேர்ந்து கூடைய எடுத்துக்கினு இம்மாம் தூரம் நடந்து வரும். திரும்பிப் போவ இருட்டிடும். அது ஊடு திரும்பற வரிக்கும் அங்க சோறு காத்துகினு இருக்குமான்னு கேளுங்க."

கெங்கம்மா செங்கேணியைப் பார்த்தாள். எல்லாரும் செங்கேணியைப் பார்த்தார்கள்.

செங்கேணி, மரத்தடியில் ஒரு நிமிஷம் வாய் மூடாத செங்கேணி, சோற்றை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். "நான் இன்னா சொல்ல?" என்றாள். "எங்க ஊட்ல எனுக்கே யாரும் காத்துகினு இல்லியே, சம்பந்தி."

அவள் புருஷன் அடுப்பைப் பார்த்தார். பையன் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்தான். அம்மாவுக்குக் கூடையைத் தலையில் ஏற்றிவிடுகிற பையன்தான். கூடையை இறக்கி வைத்த பிறகு அவள் என்ன தின்றாள், யாரோடு தின்றாள் என்று அவனுக்கும் தெரியாது.

கெங்கம்மா நேற்றிலிருந்து எல்லாரையும் திட்டியாகிவிட்டது. இதற்கென்று புதிதாகக் கோபம் எங்கிருந்தோ வந்தது. ஆனால் கத்தவில்லை.

"கேட்டியா நைனா?" என்றாள் பையனிடம். "நீங்க கை நனைக்க ஒக்காந்துட்டீங்க. அதனால இல்லன்னு சொல்ல மாட்டேன். எம்பொண்ணு உனுக்குத்தான். ஆனா இன்னிக்கி வெத்தல மாத்த மாட்டேன். ஊட்டுக்குப் போ. நாளைலேர்ந்து உங்கம்மா வர்ற வரிக்கும் ஒருத்தரும் சோத்துல கை வக்காதீங்க. நீயும் வக்காத, உங்கப்பனும் வக்காதபடி பாத்துக்க. வயிறு காயட்டும். உங்கம்மா மரத்தடிக்கி தெனம் வருவா. நான் கேட்டுக்கினே இருப்பேன். அவ வாயால, ஆமா சம்பந்தி, காத்துகினு இருந்தாங்கன்னு எப்ப சொல்றாளோ, அப்ப வந்து தட்ட மாத்து."

பாண்டுரங்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"சரிங்க அத்தே," என்றான் பையன்.

செங்கேணி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புகை கண்ணில் படுகிறது என்று சொன்னாள். புகை அந்தப் பக்கம் போகவே இல்லை.

"துன்னுங்க," என்றாள் கெங்கம்மா. "ஆறுது."